முன்கூட்டியே ஒப்பாரி

அறிவிப்புப் பலகையில் 'தோல்வி முன்னாய்வுக் கூட்டம், பிற்பகல் மூன்று மணி, இரண்டாம் தளம்' என்று தட்டச்சு செய்து ஒட்டியிருப்பார்கள். படித்தவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது வேறு.

"மூணு மணிக்கு ஒப்பாரியாம்."

"யாருக்கு?"

"புது நடைபாலத்துக்கு."

"இன்னும் அஸ்திவாரமே தோண்டலையே!"

"அதான் இப்பவே வைக்கறாங்க. அப்புறம் கூட்டமா இருக்கும்."

வைக்க வருகிறவருக்கு ஒப்பாரி அக்கா என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். குட்டை. மூக்குக்கண்ணாடி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கும். தோள்பையில் மார்க்கர் பேனாக்கள், மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டுகள், இரண்டு பொட்டலம் பிஸ்கட். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். துக்கச் செய்தி கொண்டுவருகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அவர் வேலை பார்ப்பது நிர்வாக ஆய்வு மையத்தில். குடிநீர் வாரியத்தின் குழாய்க் கிடங்குக்கு மேலே மூன்று அறைகள். கீழே குழாய்களை இறக்கும்போது மேலே தேநீர்க் கோப்பைகள் ஆடும். பாலம், சாலை, மருத்துவமனைக் கட்டடம் போன்ற பொதுவேலைகள் ஏன் தாமதமாகின்றன, அலுவலகங்கள் எப்படி ஒழுங்காக நடக்கலாம் என்று ஆராய்ந்து எழுதுவது மையத்தின் பணி. அறிக்கைகளை நீல அட்டை போட்டு எல்லாத் துறைகளுக்கும் அனுப்புவார்கள். அங்கே அவற்றைக் கணினித் திரைக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினார்கள். தடிமன் சரியாக இருந்தது.

அக்காவின் கூட்டம் மட்டும் அப்படி இல்லை. அதற்கு ஆட்கள் தேடி வந்தார்கள்.

ஒரு திட்டத்தில் கைவைக்கப் போகிற அத்தனை பேரையும் கூப்பிடுவார். பொறியாளர், கணக்கர், ஒப்பந்தக்காரர், கிடங்குப் பொறுப்பாளர், ஓட்டுநர். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்வார்:

"இன்னிக்குத் தேதிய மறந்துடுங்க. ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. திட்டம் படுத்துடுச்சு. கொஞ்சநஞ்சம் இல்ல, நாறிப்போச்சு. பேப்பர்ல எல்லாம் வந்துடுச்சு. இப்பச் சொல்லுங்க, ஏன் படுத்துச்சு?"

முதலில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். யாராவது ஒருவர், "நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப இப்படியெல்லாம் பேசலாமா மேடம்?" என்பார்.

"படுத்ததுக்கு அப்புறம் பேசறதுக்குத்தான் ஊர்ப்பட்ட ஆளு இருக்கே. நீங்க இப்பப் பேசுங்க."

ஒருவர் தொடங்குவார். பிறகு நிறுத்த முடியாது. சிமெண்டு தரமில்லை, கணக்கர் விடுப்பில் போய்விட்டார், கம்பி வந்த லாரி வேறு ஊருக்குப் போய்விட்டது. மஞ்சள் சீட்டுகள் பலகையை மூடும். ஒரு ஒப்பந்தக்காரர் தன் சுவர் எப்படி இடிந்தது என்பதை எழுந்து நடித்தே காட்டினார். கைதட்டல் விழுந்தது. கூட்டம் முடிந்து இறங்குகிறவர்கள், நல்ல நகைச்சுவைப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு போவார்கள்.

அக்காவுக்கு இந்த யோசனை இளவயதில் வந்தது. குடிநீர் வாரியத்தில் முன்னேற்றக் குறிப்பாளராகச் சேர்ந்திருந்தார். எந்த வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று பலகையில் எழுதுவது வேலை. ஒரு நீரேற்று நிலையம் எண்பது சதவீதத்திலேயே நின்றது. எண்பதை அழித்து மறுபடியும் எண்பது எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அன்றைக்குத் தேநீர் நேரத்தில் எல்லோரும் காரணம் சொன்னார்கள். எல்லாம் சரியான காரணங்கள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துலயே தெரியும்மா."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

கேட்பது என்று முடிவுசெய்தார். மாலைக் கல்லூரியில் படித்தார், ஆய்வேடு எழுதினார், மையத்தில் சேர்ந்தார். கேட்டுக்கொண்டே தலை நரைத்தது.

நடுவில் கல்யாணமும் நடந்தது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வண்டியில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. "உனக்கும் எனக்கும் ஒரே தொழில்" என்பார். "இடிக்கறதுக்கு முன்னாலயே இடிச்சுட்டதா நினைச்சு உக்காந்திருக்கறது."

மையத்தின் இயக்குநர் ஒருநாள் அக்காவின் அறைக்கு அவரே வந்தார். வழக்கமாக ஆளனுப்புவார்.

"உக்காந்திருக்கீங்களா? உக்காந்தே கேளுங்க. நம்ம ஒப்பாரியக் கட்டாயமாக்கப் போறாங்க."

"எங்க?"

"எல்லா எடத்துலயும். பொதுவேலைக் குழு அடுத்த மாசம் கூடுது. ஆணையரே கேட்டிருக்காங்க. இனிமே ஒரு கழிப்பிடம் கட்டணும்னாகூட ஒப்பாரி வைக்காமக் கட்ட முடியாது!"

கீழே குழாய் இறக்கினார்கள். கோப்பை ஆடியது.

"என்னம்மா, சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு சார். எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியல."

இயக்குநர் சிரித்தார். ஒரு சின்ன வேலை பாக்கி என்றார். இந்த முறையால் பலன் உண்டா என்று ஒரு மதிப்பீடு எழுதித் தரவேண்டும். "பத்துப் பக்கம் போதும். கலந்துகிட்டவங்களக் கேளுங்க. எல்லாரும் பிரமாதம்னுதான் சொல்லப்போறாங்க."

அப்படித்தான் சொன்னார்கள். மிகவும் பயனுள்ளது, மனம் லேசானது, அடிக்கடி நடத்த வேண்டும். ஒருவர் 'பிஸ்கட் நன்றாக இருந்தது' என்று எழுதியிருந்தார். அக்கா ஒன்பது பக்கம் எழுதி முடித்தார். குழு நாளுக்கென்று புதுச் செருப்பு வாங்கினார். ஆணையர் முன் என்ன பேசுவது என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடம் ஒப்பாரி என்று சிரித்தவர்கள், இனிமேல் சிரித்துக்கொண்டாவது செய்தாக வேண்டும். அந்த நினைப்பு இனித்தது.

அந்த வாரம் கணவருக்கு முழங்கால் வலி. எலும்பு மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டார்கள். ரயில் நிலையத்துக்கு அந்தப்பக்கம் மருத்துவமனை. நடுவில் தண்டவாளங்கள். அவற்றின் மேலே, இப்போது கட்டி முடித்திருந்த அந்தப் புது நடைபாலம்.

பாலம் அழகாக இருந்தது. அடியில் ஒரு மின்தூக்கி. கதவில் ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அதற்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"லிஃப்ட் ஓடாதா?" கணவர் கேட்டார்.

"ஓடும் சார். கரண்டு இல்ல."

"எப்பப் போச்சு?"

"வந்தாத்தானே சார் போறதுக்கு?"

கணவர் ஏறினார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்றார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை அக்காவின் தோளில். இறங்கி வந்த ஒரு பெண், குழந்தை வண்டியை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அவர் ஒரு மேளதாளம்தான் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உச்சியில் கணவர் மூச்சு வாங்கினார். "ஏம்மா, இதுக்கும் வச்சியா ஒப்பாரி?"

"வச்சேன்."

"லிஃப்ட்டப் பத்தி யாராவது அழுதாங்களா?"

அக்கா யோசித்தார். மஞ்சள் சீட்டுகளில் பெரிய கொத்து எது என்று ஞாபகம் வந்தது.

"எல்லாரும் அழுதாங்க."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை. மருத்துவர் மூட்டைப் பற்றிச் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கணவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் பாலத்தைக் கட்டிய பொறியாளரைப் பார்க்கப் போனார். நெட்டை என்று அலுவலகத்தில் பெயர். கதவு நிலைக்குக் குனிந்து குனிந்து உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் வணங்குவது போலவே இருக்கும். அக்காவைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் கைகுலுக்கினார்.

"பாத்தீங்களா மேடம்! நான் சொன்னது அப்படியே நடந்துச்சு! லிஃப்ட் வரும், கரண்டு வராதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. சொன்னதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?"

"அதான் சொல்லிட்டேனே."

"இல்ல, மின்பிரிவுக்கு விண்ணப்பம் ஏதாவது?"

"அவங்களுக்குத் தெரியாதா? அந்த மேற்பார்வையாளரும்தானே அன்னிக்கு உக்காந்திருந்தாரு. அவரும் அதையேதானே சொன்னாரு. தெரிஞ்ச மனுஷனுக்கு எதுக்கு மேடம் விண்ணப்பம்?"

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு புகைப்படம் தொங்கியது. அன்றைய பலகை, மஞ்சள் சீட்டுகளோடு. கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"யாராவது கேட்டா காட்டறதுக்கு."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. காட்டினேன். பேசாமப் போயிட்டாங்க." குரலைத் தணித்தார். "உண்மையச் சொல்றேன் மேடம். முன்னெல்லாம் ஒரு வேலை ஆரம்பிச்சா எனக்குத் தூக்கம் கெட்டுடும். எது எங்க உதைக்குமோன்னு ஒரே பயம். உங்க ஒப்பாரிக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். சொல்லவேண்டியதச் சொல்லியாச்சு, இனி நம்மமேல தப்பில்லன்னு ஒரு நிம்மதி. வீட்டம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

முற்றத்துக்கு எதிர்க் கட்டடத்தில் மின்பிரிவு. மேற்பார்வையாளர் உருண்டையான மனிதர். மேசையில் மின்விசிறி, மேலே மின்விசிறி, கையில் விசிறிக்கொள்ள ஒரு அட்டை.

"லிஃப்ட்டுதானே? நான்தான் மொதல்ல சொன்னேன். நெட்டை ரெண்டாவது. என் சீட்டுதான் மேல இருந்துச்சு, வேணும்னா போட்டோல பாருங்க."

"அவரு விண்ணப்பம் அனுப்பலையா?"

"அனுப்பல."

"ஏன் அனுப்பலன்னு கேட்டீங்களா?"

"நான் எதுக்கு மேடம் கேக்கணும்? அனுப்பமாட்டாருன்னு நான்தான் அன்னிக்கே சொல்லிட்டேனே!"

அக்கா தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். முற்றத்தின் நடுவில் சிறிது நேரம் நின்றார். ஒரு பக்கம் ஒரு நிம்மதி, மறுபக்கம் இன்னொரு நிம்மதி. இரண்டையும் கொடுத்தது அவர்.

பழைய திட்டங்களை எடுத்தார். மையத்தின் இரண்டு இளம் ஆய்வாளர்களையும் கூட உட்காரவைத்தார். ஒப்பாரி வைத்த வேலைகள் ஒரு பக்கம், வைக்காதவை ஒரு பக்கம். வைத்த இடங்களில் என்னென்ன நடக்கும் என்று அழுதார்களோ அவை பெரும்பாலும் நடந்திருந்தன. வைக்காத இடங்களிலும் அதே அளவுக்கு நடந்திருந்தன. வித்தியாசம் ஒன்றுதான். வைத்த இடங்களில் யாரும் வருத்தப்படவில்லை.

ஒன்பது பக்கத்தையும் கிழித்துவிட்டு மூன்று பக்கம் எழுதி இயக்குநரிடம் கொடுத்தார். இயக்குநர் நின்றபடி படிக்க ஆரம்பித்து உட்கார்ந்து முடித்தார்.

"புள்ளிவிவரம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தாம்மா இருக்கும்."

"அப்படி இப்படி இல்ல சார். அப்படியேதான் இருக்கு."

"லிஃப்ட் ஓடலேன்னா அது உங்க தப்பா?"

"மருந்து குடுத்தேன். காய்ச்சல் எறங்கல. ஆனா நோயாளி எனக்கு நல்லாயிடுச்சுன்னு எழுந்து வேலைக்குப் போறான். அது என் தப்புதானே சார்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். அடுத்த வருடம் ஓய்வு. "இத்தன வருஷத்துக்கு அப்புறம் நம்ம மையத்துக்கு ஒரு பந்தி போடறாங்க. எலையப் போட்டப்புறம் நீங்க போய்ச் சாப்பாட்டுல கல்லு இருக்குன்னு சொல்லணுமா? கட்டாயமானா இந்தப் பசங்க ரெண்டு பேருக்கும் வேலை நிரந்தரம். யோசிங்க."

அந்தப் பசங்க இரண்டு பேரும் பக்கத்து அறையில் விசைப்பலகையைத் தட்டாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது கேட்டது.

வீட்டில் கணவர் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டுமாங்க, வேண்டாமா?"

"சொல்லலேன்னா உனக்கு வயித்து வலி வந்துடும். எனக்கு முட்டி, உனக்கு வயிறுன்னு ரெண்டு டாக்டருக்கு அலைய முடியாது."

"சொன்னா இத்தன வருஷமும் போச்சே."

"எங்க போச்சு? நான் ஓட்டக் கத்துக் குடுத்த ஆளு ஒருத்தன் நேத்து என் வண்டியவே இடிச்சுட்டுப் போனான். நான் செத்தா போயிட்டேன்?" பட்டையின் முனையைச் செருகினார். "செருப்பு வாங்கிட்டியே, அத மட்டும் போட்டுட்டுப் போ. திருப்பித் தந்தா வாங்கமாட்டான்."

குழு கூடிய அறையில் நீள மேசை. ஆணையருக்குச் சளி. வெந்நீர்க் குடுவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நிதி ஆலோசகர் ஏற்கெனவே ஆணையை அச்சடித்து, கையெழுத்திடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். இயக்குநர் அக்காவை அறிமுகப்படுத்தி, பேச்சை முடித்து, உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டார்.

அக்கா எழுந்தார். குளியலறையில் தயார்செய்தது எதுவும் உதவாது.

"இந்த முறை வேலை செய்யல மேடம்."

நிதி ஆலோசகர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நீங்க உண்டாக்கின முறைதானே?" ஆணையர் கேட்டார்.

"ஆமா மேடம்."

"இத்தன வருஷமா நீங்கதானே நடத்தறீங்க?"

"ஆமா மேடம்."

"வேலை செய்யலேன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா. சொல்லிட்டாப் போதும்னு ஆயிடுச்சு. யாரும் எதுவும் செய்யறதில்ல. கட்டாயமாக்கினா எல்லாரும் சேந்து நல்லாத் தூங்குவாங்க, அவ்வளவுதான்."

ஆணையர் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு நிதி ஆலோசகர் பக்கம் திரும்பினார். "இந்த மேசைக்கு முன்னால நின்னு 'என் திட்டம் வேலை செய்யல'ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"நான் கேட்டதில்ல மேடம்."

"நானும் கேட்டதில்ல. எல்லாரும் பிரமாதம் பிரமாதம்னு வருவாங்க. இவ்வளவு நேர்மையா ஒருத்தங்க இருக்காங்கன்னா, அவங்க உண்டாக்கினது மோசமா இருக்க முடியாது. எங்க போடணும் கையெழுத்து?"

"புள்ளி வச்சிருக்கேன் மேடம்."

போட்டுவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் இயக்குநர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னா தந்திரம்மா! எனக்குத் தோணவே இல்ல பாருங்க!"

"சார், நான் உண்மையத்தான்..."

"அதான்! அதான் தந்திரம்!"

அக்கா கையை விடுவித்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். ஆணையர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஆணையோடு செய்முறை விளக்கம் ஒன்று இணைக்க வேண்டும், அதை நானே எழுத வேண்டும், அதுவரை ஆணையை அனுப்பக் கூடாது என்றார் அக்கா. மாதக் கடைசிக்குள் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆணையர் ஒத்துக்கொண்டார்.

என்ன எழுதுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் மின்தூக்கி ஓட வேண்டும் என்பது தெரியும். கணவருக்கு அடுத்த வாரமும் மருத்துவரிடம் போகவேண்டியிருந்தது. நெட்டையையும் மேற்பார்வையாளரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். அறை சின்னது.

"இவரு விண்ணப்பம் அனுப்பல மேடம்" என்றார் மேற்பார்வையாளர்.

"இவரு எத்தன கிலோவாட்டுன்னு கேக்கவே இல்ல மேடம்" என்றார் நெட்டை.

"கேட்டாச் சொல்லியிருப்பாரா, கேளுங்க மேடம்."

"நீங்களே கேளுங்க மேடம், இவரு எப்பவாவது போன எடுத்திருக்காரான்னு."

அக்கா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகமும் தன் பக்கமே திரும்பியிருந்தன. அப்போது வெளியே யாரோ கூப்பிட்டார்கள். குழாய் லாரிக்காரர், அக்காவின் ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னார். இறங்கிப் போய் நகர்த்திவிட்டு, லாரிக்காரரின் பேரன் பிறந்த கதையைக் கேட்டுவிட்டு வந்தார்.

கதவுக்கு வெளியிலேயே குரல்கள் கேட்டன.

"பதினஞ்சு கிலோவாட்டா? பதினஞ்சுன்னா இப்ப இருக்கற கரண்டு பெட்டியிலயே இழுத்துடலாமே!"

"இத அப்பவே சொல்லியிருந்தா!"

"அப்பவே கேட்டிருந்தா!"

"சரி, எப்ப ஆளு அனுப்பறீங்க?"

"நாளைக்கு அனுப்பறேன். நீங்க ஒரு ஏணி வச்சுக்குங்க, எங்க ஏணி ஒடஞ்சுபோச்சு."

"நான் இருக்கறப்ப எதுக்குங்க ஏணி?"

இருவரும் சிரித்தார்கள். அக்கா உள்ளே நுழைந்தார். சிரிப்பு நின்றது. மேற்பார்வையாளர் உடனே அக்கா பக்கம் திரும்பி, "ஏணியும் இல்ல மேடம் எங்களுக்கு" என்று முறையிட ஆரம்பித்தார்.

அக்கா அப்படியே திரும்பி மறுபடி வெளியே போய்விட்டார்.

இத்தனை வருடமாகத் தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போது தெரிந்தது. நடுவில். எல்லோரும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டு எழுதிப் பலகையில் ஒட்டியதோடு அது போய்ச் சேரவேண்டிய ஆளைச் சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், அவர் உட்பட. சேரவேண்டிய ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு கூட்டம் பாக்கி இருந்தது. மருத்துவமனையில் புதுச் சலவைக்கூடம் கட்டப் போகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு ஒப்பாரி. இதிலும் பழையபடி ஆனால் செய்முறை விளக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. ஆணை வெறுமையாகவே ஊர் ஊராகப் போகும்.

வந்தவர்கள் பலகையைத் தேடினார்கள். பலகை இல்லை. மஞ்சள் சீட்டு இல்லை. நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. அக்கா சொன்னார்: "ரெண்டு வருஷம் ஆச்சு, சலவைக்கூடம் படுத்துடுச்சு. அது பழைய கதைதான். இன்னிக்கு ஒண்ணு புதுசு. ஏன் படுத்துச்சுன்னு என்கிட்டச் சொல்லக் கூடாது. இந்த அறையில அத மாத்தக்கூடிய ஆளு யாரோ, அவரப் பாத்துச் சொல்லணும். அவரு செய்யறேன், இல்ல முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்றவரைக்கும் உக்காரக் கூடாது. நான் வெளிய இருக்கேன்."

கதவைப் பாதி சாத்திவிட்டு மாடிப்படி ஓரத்தில் போய் நின்றார். இயக்குநரும் கூட நின்றார்.

உள்ளே வெகுநேரம் நாற்காலிகளின் கிறீச்சு மட்டும். பிறகு தலைமைச் செவிலியரின் குரல். ஆறடி தூரத்தில் இருக்கும் நோயாளியை அறுபதடிக்குக் கேட்கும்படி நலம் விசாரிக்கிற குரல்.

"மெஷின் வரும், தண்ணி வராது. அதான் நடக்கப்போகுது."

"யாருகிட்டச் சொல்றீங்க?" நெட்டையின் குரல். சலவைக்கூடத்துக்கும் அவர்தான் பொறியாளர்.

"பொதுவாச் சொல்றேன்."

"பொதுவான்னு யாரும் இங்க வரலம்மா."

சிரிப்பு. பிறகு செவிலியர், "தம்பி, குடிநீர் வாரியம்தானே நீ? இங்க பாரு. காலைல ஆறு மணிக்கு உங்க குழாயில தண்ணி வருமா?"

"அது வந்து... அழுத்தம் போதுமானதா இருக்கும்னு..."

"வருமா, வராதா?"

"வரும்னுதான் திட்டத்துல..."

"தம்பி, என் கால் வலிக்குது. நீ சொல்ற வரைக்கும் நான் உக்காரக் கூடாதாம்."

"வராதும்மா."

"அப்ப பிரசவ வார்டுக்கு விரிப்ப நான் எதுல தோய்க்கறது, உன் திட்டத்துலயா?"

அதன்பிறகு யார் என்ன பேசுகிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. ஒரு நாற்காலி சாய்ந்தது. ஒப்பந்தக்காரர், தன்னை எல்லோரும் சேர்ந்து மடக்குகிறார்கள் என்று கத்தினார். மின்பிரிவு மேற்பார்வையாளர், "முடியாதுன்னு சொல்லலாம்னுதானே சொன்னாங்க, நான் முடியாதுங்கறேன்!" என்றார். "ஏன் முடியாது?" என்று மூன்று குரல்கள் சேர்ந்து கேட்டன.

"என்னம்மா இது?" இயக்குநர் முகம் வெளிறியது. "இது ஒப்பாரி இல்ல. எழவு வீட்டுச் சண்டை."

அக்கா எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறார். யாரும் குரல் உயர்த்தியதில்லை.

கதவு திறந்தது. வெளியே வந்தவர்கள் யாரும் யார் முதுகிலும் தட்டவில்லை. பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமல் மேசையிலேயே கிடந்தது. ஒப்பந்தக்காரர் போகிற போக்கில், "அடுத்த தடவை என்னக் கூப்பிடாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். நெட்டை நிலையில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டார். நன்றி சொல்ல யாரும் நிற்கவில்லை.

"இதையா எழுதி அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார் இயக்குநர். "எல்லா ஊர்லயும் அடிச்சுக்குவாங்களே!"

அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போய்ச் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினார். ஒவ்வொன்றாக அடுக்கினார். கீழே படிக்கட்டில் இன்னும் சத்தம் ஓயவில்லை. வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். முதல் தளத் திருப்பத்தில் தலைமைச் செவிலியரும் குடிநீர் வாரியத்து இளைஞரும். நடுவில் யாருமில்லை.

"தொட்டி கட்டித் தரேன்னு சொல்றேன்ல! ராத்திரி எட்டு மணிக்குள்ள ரொப்பிட்டா போதும்ல!"

"எங்க கட்டுவ? அங்க ஆம்புலன்ஸ் திரும்பணும்."

"நீங்க வந்து எடத்தக் காட்டுங்க. சும்மா நின்ன எடத்துல கத்தினா?"

"யாரு கத்தறா? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரேன். நீ இல்லாம இருந்து பாரு!"

"நான் ஆறே முக்காலுக்கே நிப்பேன்!"

"நில்லு, பாக்கறேன்!"

அக்கா மேலேயிருந்து குரல் கொடுத்தார். "நானும் வரட்டுமா?"

இருவரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வேண்டாம் மேடம்!"

அவர்கள் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மறுபடி சண்டை போட்டுக்கொண்டே இறங்கி வாசலைத் தாண்டிப் போனார்கள். அக்கா அறைக்குள் வந்து, அடுக்கியதிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்முறை விளக்கத்தின் முதல் வரியை எழுதினார்.

'கூட்டத்தைக் கூட்டுகிறவர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும்.'